பதினாறு டாலர் டயானா ராஸ்

மகள் வீட்டுக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. டெட்ராய்ட்டுக்கு மேற்கே நாற்பது நிமிடக் கார் தூரம். காலையில் பேத்தியைப் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றிவிட்டால் அவள் திரும்புகிற வரை எனக்கு ஒரு சோலியும் கிடையாது. அதைப் பார்த்துத்தானோ என்னவோ, ஒரு சனிக்கிழமை பக்கத்துத் தெருவில் யாரோ வீட்டைக் காலி பண்ணி விற்ற சாமான்களிலிருந்து மாப்பிள்ளை ஒரு ரிக்கார்டு ப்ளேயரை இருபது டாலருக்கு வாங்கி வந்து சாப்பாட்டு மேசையில் வைத்தார். "மாமா, இது உங்க டிபார்ட்மெண்ட்டு" என்றார்.

என் டிபார்ட்மெண்ட்தான். 1984-லிருந்து 2001 வரை திருநெல்வேலி டவுணில் ரிக்கார்டிங் சென்டர் வைத்திருந்தேன். அறுபது நிமிடக் கேசட்டா தொண்ணூறு நிமிடக் கேசட்டா என்று கேட்டு, நோட்டில் பாட்டு லிஸ்ட் எழுதி வாங்கி, மறுநாள் சாயங்காலம் பதிந்து கொடுப்போம். அதனால் ப்ளேயருக்கு பெல்ட் மாற்றி, ஊசி மாற்றி, முள் கையின் பாரத்தைச் சரி பண்ண எனக்கு அரைநாள்கூட ஆகவில்லை. போடத்தான் ரிக்கார்டு இல்லை. அப்படித் தேடிப் போன கடையைப் பற்றித்தான் எழுதுகிறேன். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஒற்றை ஆள் நடத்துகிற கடை, குறையும் சொல்லப் போகிறேன், அவர் பிழைப்பில் மண்ணைப் போட வேண்டாம்.

வடக்குப் புறநகர் ஒன்றின் கடைத்தெரு. தையல் கடைக்கும் பீட்ஸா கடைக்கும் நடுவில் ரயில் பெட்டி மாதிரி நீளமான அறை. இரண்டு பக்கமும் மரத் தொட்டிகளில் ரிக்கார்டுகள் எல்லாம் நின்றுகொண்டிருக்கின்றன. படுத்துக் கிடக்கிற ரிக்கார்டு ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை. இதற்கே பாதி மார்க் கொடுப்பேன். என் கடையில் இட நெருக்கடிக்கு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒரு சித்திரை வெயிலில் முப்பது எல்.பி. ரிக்கார்டு அப்பளமாக நெளிந்து போனது எனக்குத்தான் தெரியும்.

மூலையில் இரண்டு ப்ளேயர், இரண்டு ஹெட்போன். எதை வேண்டுமானாலும் எடுத்துப் போட்டுக் கேட்டுவிட்டு வாங்கலாம். ஒரு மணி நேரம் நின்றேன், கடைக்காரர் ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. உட்கார நாற்காலி கிடையாது. பாத்ரூமும் கிடையாது, என் வயதுக்காரர்கள் கவனிக்கவும். ஒவ்வொரு அட்டையின் மூலையிலும் ஸ்டிக்கரில் விலையும் தரமும் எழுதியிருக்கிறது. புதுசு போல இருந்தால் ஒரு எழுத்து, லேசான கீறல் என்றால் 'வி.ஜி. ப்ளஸ்' என்று ஒரு கணக்கு. இந்தக் கணக்கைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

கறுப்பின அமெரிக்கர்களின் சோல் இசைக்கு மட்டும் எட்டுத் தொட்டி. அதில் மூன்று தொட்டி முழுக்க உள்ளூர்ச் சரக்கு, மோட்டவுன் கம்பெனி வெளியிட்டவை. அந்தக் கம்பெனியின் பழைய நீல லேபிளைப் பார்த்தால் ஒரு வரைபடம் இருக்கும். அதில் டெட்ராய்ட் இருக்கிற இடத்தில் சிவப்பு நட்சத்திரம். ரிக்கார்டு சுற்றும்போது ஊரும் சேர்ந்து சுற்றும்.

என்ன தேடுகிறீர்கள் என்று கடைக்காரர் கேட்டார். டயானா ராஸ் என்றேன். எனக்குத் தெரிந்த டயானா ராஸ் ஒரே ஒரு பாட்டுதான். ஹைகிரவுண்டிலிருந்து மெடிக்கல் காலேஜ் பையன்கள் வருவார்கள். அவர்கள் லிஸ்டில் 1981-ல் லயனல் ரிச்சியோடு அந்தம்மா பாடிய 'எண்ட்லெஸ் லவ்' இல்லாத லிஸ்ட் அபூர்வம். அமெரிக்காவில் அது ஒன்பது வாரம் முதலிடத்தில் நின்ற பாட்டு என்பது எனக்கு அப்போது தெரியாது. யாரோ ஒரு பையனுக்கு யாரோ ஒரு பிள்ளை மேல் கண் விழுந்துவிட்டது என்பது மட்டும் தெரியும். அந்தம்மாவின் அக்கா பார்பரா ராஸ்-லீ ஒரு டாக்டர் என்பதும், 1993-ல் ஓஹையோ பல்கலைக்கழகத்தின் ஆஸ்டியோபதி மருத்துவக் கல்லூரிக்கு டீன் ஆனார் என்பதும், அமெரிக்காவில் ஒரு மருத்துவக் கல்லூரிக்குத் தலைமை ஏற்ற முதல் கறுப்பினப் பெண் அவர்தான் என்பதும் இங்கே வந்து தெரிந்துகொண்டது. அந்தப் பையன்கள் கேட்டால் சந்தோஷப்படுவார்கள்.

கடைக்காரர் மூன்று எல்.பி. எடுத்துக் கையில் கொடுத்தார். 1964, 1972, 1980. "இந்த வரிசையில் கேளுங்கள்" என்றார். இதுதான் அந்தக் கடையின் நிஜமான சேவை. இணையத்தில் எந்தப் பாட்டும் கிடைக்கிறது. எதற்குப் பின்னால் எதைக் கேட்க வேண்டும் என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

1964 எல்.பி. சுப்ரீம்ஸ் குழுவுடையது, 'வேர் டிட் அவர் லவ் கோ'. பத்து டாலர். டயானா ராஸ் பிறந்தது 1944 மார்ச் 26, இதே டெட்ராய்ட்டில், ஆறு பிள்ளைகளில் இரண்டாவது. பதினான்கு வயதில் குடும்பம் ப்ரூஸ்டர்-டக்ளஸ் என்ற அரசுக் குடியிருப்புக்கு வந்தது. அடுத்த வருடம், 1959-ல், ஃப்ளாரன்ஸ் பாலர்ட், மேரி வில்சன் என்ற பிள்ளைகளோடு சேர்ந்து ப்ரைமெட்ஸ் என்று ஒரு குழு. 1961-ல் மோட்டவுனில் கையெழுத்து, பெயர் சுப்ரீம்ஸ் என்று மாறியது. அதற்கப்புறம் மூன்று வருடம் போட்ட ரிக்கார்டு எதுவும் பெரிதாக ஓடவில்லை. கம்பெனிக்குள்ளேயே 'ஹிட் இல்லாத சுப்ரீம்ஸ்' என்று கேலி.

1964-ல் வந்த தலைப்புப் பாட்டு முதலில் மார்வெலெட்ஸ் என்ற இன்னொரு குழுவுக்காகத் தயாரானது. அவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பின்னணி இசை ட்ராக் அந்தக் குழுப் பாடகியின் சுருதிக்கு ஏற்கெனவே பதிவாகிவிட்டது. ராஸுக்கு அது இறக்கம். வேறு வழியில்லாமல் கீழ் சுருதியில், உரக்கச் சொல்ல மனசில்லாதவள் மாதிரி பாடியிருக்கிறார். அதுவே நாடு முழுக்க முதலிடத்துக்குப் போனது, அதைத் தொடர்ந்து இன்னும் நாலு பாட்டு, வரிசையாக ஐந்தும் முதலிடம். ஹெட்போனில் கேட்டால் ஆரம்பத்தில் தம்தம் என்று ஒரு காலடிச் சத்தம் வரும். மரப் பலகை மேல் ஒரு ஆள் ஷூ காலோடு மிதித்த சத்தம்தான் அது.

முந்தின வாரம்தான் மகள் என்னை மோட்டவுன் மியூசியத்துக்குக் கூட்டிப் போயிருந்தாள். வெஸ்ட் கிராண்ட் புலிவார்டில் 2648-ஆம் எண் வீடு. வீடு என்றால் வீடேதான், நம் பாளையங்கோட்டை மாடி வீடுகளின் அளவு. முன்பு போட்டோ ஸ்டுடியோவாக இருந்ததை மோட்டவுன் முதலாளி பெர்ரி கோர்டி 1959-ல் வாங்கினார். கம்பெனி தொடங்கக் குடும்பத்தாரிடம் வாங்கிய கடன் 800 டாலர். பின்பக்கம் உள்ள ஸ்டுடியோ ஏ என்ற சின்ன அறைதான் 1972 வரை பதிவுக்கூடம். ஆரம்பத்தில் எதிரொலிக்குத் தனி மெஷின் கிடையாது. மேலே மச்சில் ஒரு பொந்து, அதற்குள் சத்தத்தை அனுப்பித் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். அதன் கீழ் நின்று கைதட்டச் சொன்னார்கள். தட்டினேன். என் கைதட்டல் சுப்ரீம்ஸ் ரிக்கார்டிலிருந்து வருகிற மாதிரி திரும்பி வந்தது. சத்தியமாக உடம்பு சிலிர்த்தது.

அங்கே கேட்ட இன்னொரு விஷயம் எனக்கு ரொம்ப முக்கியம். பாட்டை மிக்ஸ் பண்ணி முடித்ததும் பெரிய ஸ்பீக்கரில் மட்டும் கேட்டு முடிவு பண்ண மாட்டார்களாம். கார் ரேடியோ மாதிரி ஒரு சின்ன ஸ்பீக்கரில் போட்டுப் பார்ப்பார்களாம். கார் செய்கிற ஊர், கேட்கிறவன் காரில் கேட்பான். நாங்களும் இதையே செய்திருக்கிறோம். "வேனுக்குண்ணே" என்று சொல்லிக் கேசட் கொடுத்தால் ட்ரெபிளை ஒரு சுற்று ஏற்றிப் பதிவோம். வீட்டில் கேட்டால் காது கூசும். வள்ளியூர் ரோட்டில், ஜன்னல் திறந்த வேனில், இன்ஜின் சத்தத்துக்கு மேலே அதுதான் எடுபடும்.

டயானா ராஸ் குரல் அந்தச் சின்ன ஸ்பீக்கருக்கென்றே அமைந்த குரல். சன்னம். கொஞ்சம் மூக்கு. கனம் கிடையாது. குழுவில் கனமான குரல் ஃப்ளாரன்ஸ் பாலர்டுக்குத்தான், குழுவுக்கு சுப்ரீம்ஸ் என்று பெயரைத் தேர்ந்தெடுத்ததும் அவர்தான். கோர்டி ராஸை முன்னால் நிறுத்தினார். 1967-ல் குழுவின் பெயரே 'டயானா ராஸ் அண்ட் த சுப்ரீம்ஸ்' ஆனது, அதே வருடம் பாலர்ட் வெளியேற்றப்பட்டார், 1976-ல் முப்பத்திரண்டு வயதில் இறந்தும் போனார். இந்த ஊரில் இன்னும் இதைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள். பதிவு தெரிந்தவனாகக் கேட்டால் கோர்டியின் காது தப்பில்லை என்பேன். மனுஷனாகக் கேட்டால் பதில் சொல்ல மாட்டேன்.

இப்போது 1972. இதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

'லேடி சிங்ஸ் த ப்ளூஸ்', இரட்டை எல்.பி., பதினான்கு டாலர். ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேயாக ராஸ் நடித்த முதல் சினிமாவின் பாட்டுகள். 1970 ஜனவரியில் லாஸ் வேகாஸில் சுப்ரீம்ஸோடு கடைசி மேடை, அதே வருடம் தனிப் பாடகியாக முதலிடம், அதற்கு இரண்டு வருடம் கழித்து இது. பாப் பாட்டுப் பாடுகிற, ஜிகினா கவுன் போட்ட பெண் ஹாலிடேயாக நடிப்பதா என்று முகம் சுளித்தவர்கள் நிறையப் பேர். சிட்னி ஃப்யூரி இயக்கம், தயாரிப்பில் கோர்டியின் மோட்டவுனே இறங்கியது. படம் வந்ததும் ஐந்து ஆஸ்கர் பரிந்துரை, அதில் ஒன்று சிறந்த நடிகைக்கு. அந்த வருடம் சிசிலி டைசனும் பட்டியலில் இருந்தார். அதற்கு முன் அந்த விருதுக்குப் பரிந்துரையான கறுப்பினப் பெண் டோரதி டாண்ட்ரிட்ஜ் ஒருவர்தான், அது 1954-ஆம் வருடப் படத்துக்கு. விருது லைசா மினெல்லிக்குப் போய்விட்டது. ஆனால் இந்த எல்.பி. 1973-ல் அமெரிக்க ஆல்பம் பட்டியலில் முதலிடம் போனது. அந்தம்மா தனியாகப் போட்ட ஆல்பங்களில் அங்கே முதலிடம் தொட்டது இது ஒன்றே.

ஊசியை வைத்தால் முதலில் பாட்டு வராது. போலீஸ் பிடிக்கிற காட்சியின் சத்தம் வரும். நடுநடுவே படத்தின் வசனங்கள் வருகின்றன. கதை வசன ரிக்கார்டைத் திருவிழாவில் குழாய் கட்டிக் கேட்டு வளர்ந்தவனுக்கு இது புதுசில்லை. பாட்டு மட்டும் வேண்டும் என்கிறவர்கள் எரிச்சல்படுவார்கள், மாப்பிள்ளை பட்டார். எனக்கு அந்த வசனம் தேவைப்பட்டது. பேசுகிற குரலும் பாடுகிற குரலும் ஒரே தொண்டையிலிருந்து வருகிறது என்பது காதுக்குத் தெரிகிறது.

ஹாலிடே ஒரு வரியைத் தாளத்தில் எடுக்க மாட்டார். தாளம் முன்னால் போகும், அவர் பின்னாலேயே, அவசரமில்லாமல், பஸ்ஸைத் தவறவிட்டாலும் பரவாயில்லை என்கிற மாதிரி வருவார். ராஸ் அந்தத் தாமதத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறார். ஹாலிடேயின் கரகரப்பைத் தொடவே இல்லை. மிமிக்ரி பண்ணியிருந்தால் ரெண்டு பாட்டில் சலித்திருக்கும். எட்டு வருடம் கார் ரேடியோவுக்காக விளிம்பு கட்டி வைத்த குரலை அங்கே அவிழ்த்துவிடுகிறார். 'குட் மார்னிங் ஹார்ட்டேக்' பாட்டில் சில வார்த்தைகளின் கடைசி எழுத்தை முடிப்பதுகூட இல்லை, மூச்சாகவே விட்டுவிடுகிறார். மைக் உதட்டை ஒட்டி இருந்தால்தான் அது பதிவாகும். ஹெட்போனில் கேட்டபோது ஆள் என் தோளுக்குப் பின்னால் நிற்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். கடைக்காரர் சிரித்தார். அவருக்கு இது தினம் நடக்கும் போல.

அன்று ராத்திரியே படத்தையும் பார்த்தோம். நடிப்பு பிரமாதம். சிறை அறையில் கை கட்டப்பட்டுக் கிடக்கிற ஆரம்பக் காட்சியிலேயே சுப்ரீம்ஸ் பெண் காணாமல் போய்விடுகிறார். பியானோ வாசிக்கிற நண்பனாக வருகிற ரிச்சர்ட் ப்ரையர், காமெடி நடிகர், மகளை அழ வைத்துவிட்டார். ஆனால் படத்தின் கதைக்கு நான் மார்க் போட மாட்டேன். நிஜத்தில் ஹாலிடே 1959-ல் நியூயார்க் ஆஸ்பத்திரிப் படுக்கையிலேயே போதைப்பொருள் வழக்கில் கைதாகி, 44 வயதில் செத்துப்போனார். படமோ கார்னகி ஹாலில் கைதட்டலோடு முடிகிறது. நல்ல மனசோடு செய்ததுதான், ஆனாலும் பொய். ராஸின் குரல் சொல்வதை முடிவு சொல்லவில்லை.

மற்ற படங்களைப் பற்றிச் சுருக்கமாக. 1975-ல் 'மஹாகனி', ஃபேஷன் டிசைனர் கதை. காஸ் டெக் பள்ளியில் டிசைன் படித்த பெண் என்பதால் படத்தின் உடைகளைத் தானே வரைந்தார். உடைகள் நன்றாக இருக்கின்றன, அவ்வளவுதான். 1978-ல் 'த விஸ்'. இருபத்துநாலு வயது டீச்சராக முப்பத்துமூன்று வயதில் நடித்தார், படம் விழுந்தது. அதில் நடித்த மைக்கேல் ஜாக்சனுக்கும் இசை பார்த்த குவின்சி ஜோன்ஸுக்கும் அங்கே ஏற்பட்ட பழக்கம்தான் லாபம். அப்புறம் பெரிய திரையில் கதாநாயகி வேஷமே இல்லை. 1994-ல் தொலைக்காட்சிக்காக மனச்சிதைவு நோயுள்ள பெண்ணாக நடித்து கோல்டன் குளோப் பரிந்துரை வாங்கினார். இவ்வளவு தெரிந்த ஆளுக்கு எழுதுவதற்கு ஹாலிவுட்டில் பேனா இல்லாமல் போயிருக்கிறது.

1980 எல்.பி.யின் பெயர் 'டயானா', ஒன்பது டாலர். கறுப்பு வெள்ளை அட்டை, ஜீன்ஸும் டி-ஷர்ட்டுமாக நிற்கிறார். ஷிக் குழுவின் நைல் ராஜர்ஸும் பெர்னார்ட் எட்வர்ட்ஸும் செய்து கொடுத்த இசை. அவர்கள் மிக்ஸ் அந்தம்மாவுக்கும் கம்பெனிக்கும் பிடிக்கவில்லை, குரலை முன்னால் கொண்டுவந்து வேறு மிக்ஸ் போட்டு வெளியிட்டார்கள். மூல மிக்ஸ் 2003-ல்தான் வெளியே வந்தது. இரண்டையும் கேட்டேன். பேஸ் கிதாருக்காக மூல மிக்ஸ், பாட்டுக்காக கம்பெனி மிக்ஸ். 'அப்ஸைட் டவுன்' ஓடினால் பேத்தி சோபாவில் ஏறிக் குதிக்கிறாள். அடுத்த வருடமே ராஸ் மோட்டவுனை விட்டு ஆர்.சி.ஏ. என்ற கம்பெனிக்குப் போனார், 20 மில்லியன் டாலர் ஒப்பந்தம். பொந்து வைத்த வீட்டிலிருந்து அங்கே போக இருபது வருடம்.

இனி குறை. கடையில் நான் இரட்டை எல்.பி.யின் முதல் தட்டை மட்டும்தான் போட்டுக் கேட்டேன். அட்டையில் 'வி.ஜி. ப்ளஸ்' இருந்ததால் இரண்டாவதை நம்பி வாங்கினேன். வீட்டில் மூன்றாம் பக்கம் போட்டால், அந்தம்மா ஒரு வரியை இழுத்து முடிக்கப் போகிற நேரம் பார்த்து ஊசி துள்ளி, அதே அரை வார்த்தையிலேயே சுற்றுகிறது. கீறல் விழுந்த ரிக்கார்டு என்று ஆளைச் சொல்லித்தான் பழக்கம், நிஜமாகவே ஒன்று கையில் இருந்தது. விளக்குக்கு நேராகச் சாய்த்துப் பார்த்தால் நகத்தால் கோடு போட்ட மாதிரி ஒரு கீறல். கடையில் இதே மாதிரி சாய்த்துப் பார்த்திருந்தால் தரம் எழுதினவருக்குத் தெரிந்திருக்கும். எனக்கும் தெரிந்திருக்கும்.

மாற்றிக்கொள்ள ஏழு நாள் கெடு, பணம் திரும்பக் கிடைக்காது என்று கல்லாவுக்கு மேலே எழுதியிருக்கிறது. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. மாப்பிள்ளைக்கு லீவு வந்து நான் போய்ச் சேர்ந்தது ஒன்பதாம் நாள். ரசீதைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். நானும் கடை வைத்திருந்தவன் என்று மாப்பிள்ளை எடுத்துச் சொன்னார். அதற்கும் பெரிதாக ஒன்றும் இளகவில்லை. தட்டை வாங்கி விளக்கடியில் பிடித்துப் பார்த்தார், நான் காட்டுவதற்கு முன்னாலேயே கீறலில் விரலை வைத்தார். பின்னால் போய் அரைமணி நேரம் என்னவோ உருட்டினார்.

திரும்பி வரும்போது கையில் அட்டையில்லாத இன்னொரு பிரதி. அதன் முதல் தட்டு உடைந்து போய், இரண்டாம் தட்டு மட்டும் மிச்சம் இருந்திருக்கிறது. அதை மெஷினில் போட்டுக் கழுவி, உலர்த்தி, புது உறையில் போட்டு, என் அட்டைக்குள் சொருகினார். ப்ளேயரில் வைத்து மூன்றாம் பக்கம் முழுக்க ஓடவிட்டுக் காட்டினார். ஒரு துள்ளல் இல்லை. கும்பிடப் போனேன். "கழுவின கூலி இரண்டு டாலர்" என்றார்.

கொடுத்தேன். தப்பு அவருடையது, கூலி என்னுடையது, இது எந்த ஊர் நியாயம் என்று வருகிற வழியெல்லாம் மாப்பிள்ளை புலம்பினார். நான் வாயே திறக்கவில்லை. பழைய கேசட்டுக்கு ஃபெல்ட் மாற்றிவிட்டு நானும் ஒரு ரூபாய் வாங்கியிருக்கிறேன், அதைப் பதிந்து கெடுத்ததே நானாக இருந்தாலும். ஐந்துக்கு நாலு மார்க். குறைந்த ஒன்று அந்த ஸ்டிக்கருக்கு. போகிறவர்கள் வார நாளில் போங்கள், எல்லாப் பக்கத்தையும் போட்டுக் கேளுங்கள், ரசீதில் தேதியைப் பாருங்கள்.

புதிதாக வந்த அந்த இரண்டாம் தட்டின் நீல லேபிளில், டெட்ராய்ட் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில், யாரோ பேனாவால் 'சமையலறை' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார்கள். ரிக்கார்டு துள்ளவில்லையே தவிர, பக்கம் முழுக்கச் சடசடவென்று பொரிகிற சத்தம் இருக்கிறது. எவ்வளவு கழுவினாலும் அது போகாது. நேற்று மத்தியானம் ஊசியை வைத்துவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். பாட்டு தொடங்குவதற்கு முன்னால் அந்தப் பொரிச்சல் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிற நேரம், மகள் மாடியிலிருந்து குரல் கொடுத்தாள். "எப்பா, அடுப்புல என்னத்தத் தாளிக்கிய?"